பழைய திரைப்படச் சுவரொட்டிகள்: சேகரிப்பும் தணிக்கையின் சுவடுகளும்

பழைய திரைப்படச் சுவரொட்டி சேகரிப்பு என்பது, ஒரு படம் வெளியான காலத்தில் திரையரங்குகளில் ஒட்டுவதற்காக அச்சிட்ட விளம்பரத் தாள்களைத் தேடி எடுத்து, அவற்றின் காலத்தைக் கணித்து, பாதுகாத்து வைப்பது. அஞ்சல்தலை, நாணயம் ஆகியவற்றைச் சேர்ப்பதிலிருந்து இது ஒரு விதத்தில் மாறுபட்டது. அஞ்சல்தலையை வெளியிட்டவர்கள், அது நிலைக்க வேண்டும் என்றே வெளியிட்டார்கள். சுவரொட்டியை அச்சிட்டவர்களோ ஒரு வாரத்துக்கு மேல் அது இருக்கும் என்று எண்ணவில்லை. அடுத்த படம் வந்ததும் அதன் மேலேயே புதியது ஒட்டப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பழைய தாள்கள் காகிதக் கூழுக்காகவும் போயின. எஞ்சியவை குறைவு என்பதால்தான் விலை ஏறியது. ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய ‘மெட்ரோபோலிஸ்’ (1927) படத்தின் சுவரொட்டி ஒன்று 2005இல் 6,90,000 டாலருக்கு விற்றது. 1931இல் வந்த ‘டிராகுலா’ படத்தின் தாள் ஒன்று 2017இல் 5,25,800 டாலருக்கு ஏலம் போனது.

இந்தக் கட்டுரை விலையைப் பற்றியதன்று. ஒரே படத்துக்கு லண்டனில் ஒரு சுவரொட்டி, பிரசல்ஸில் ஒன்று, பெர்லினில் ஒன்று, வார்சாவில் ஒன்று என்று வேறுவேறாக ஏன் இருக்கின்றன? மொழி ஒரு காரணம். ரசனையும் காகித அளவும் வேறு காரணங்கள். ஆனால் பல தாள்களில் இவற்றைவிட அழுத்தமாகப் பதிந்திருப்பது தணிக்கையின் கைதான். அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு ஒரு சுவரொட்டி, அந்த நாடு அந்த ஆண்டில் எதைக் கண்டு அஞ்சியது என்று சொல்லிவிடும். பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பியச் சுவரொட்டிகளை வைத்தே இங்கு விளக்குகிறேன். அவற்றுக்குத்தான் ஆவணங்கள் ஓரளவு ஒழுங்காக உள்ளன.

தாளின் விளிம்பைப் படித்தல்

புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர் படத்தைத்தான் பார்ப்பார். அனுபவமுள்ளவர் முதலில் தாளின் கீழ் விளிம்பைப் பார்ப்பார்.

அமெரிக்காவில் திரையரங்கு முகப்பில் வைத்த வழக்கமான தாளுக்கு ‘ஒன் ஷீட்’ என்று பெயர். அதன் அளவு 27க்கு 41 அங்குலம். 1980களின் நடுவில் அது 27க்கு 40 ஆகக் குறைந்தது. அந்த ஓர் அங்குலத்தை அளக்காமல் ஏமாந்தவர்கள் பலர். 1940 முதல் 1980கள் வரை பெரும்பாலான அமெரிக்கச் சுவரொட்டிகளை ‘நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ்’ என்ற நிறுவனம் விநியோகித்தது. அது கீழ் வலது மூலையில் ஓர் எண்ணை அச்சிட்டது. 54/123 என்று இருந்தால், 1954ஆம் ஆண்டில் அந்த நிறுவனம் கையாண்ட 123ஆவது படம் என்று பொருள். எண்ணுக்கு முன் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது மறுவெளியீட்டுக்கு அச்சிட்டது. சுவரொட்டி தங்கள் சொத்து என்றும், குறிப்பிட்ட படக்காட்சிக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்றும் சிறிய எழுத்தில் ஒரு வரியும் இருக்கும். திரையரங்குக்காரர் அதைத் திருப்பித் தர வேண்டும். அப்படித் திருப்பித் தராதவர்களின் புண்ணியத்தில்தான் இன்று பல தாள்கள் நம் பார்வைக்குக் கிடைக்கின்றன.

1980கள் வரை இந்தத் தாள்கள் எட்டாக மடித்தே அனுப்பப்பட்டன. எனவே மடிப்புக்கோடு குறையன்று. 1950ஆம் ஆண்டுத் தாள் ஒன்று மடிப்பே இல்லாமல் பளபளவென்று வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று கையில் இருப்பது நல்லது. கல் அச்சில் வந்த பழைய தாள்களில் நிறம் கிரேயான் தீட்டியது போலக் குறுநொய்யாகத் தெரியும். பின்னாளில் ஒளிப்படம் எடுத்து நகலெடுத்ததில் ஒழுங்கான புள்ளி வரிசை தெரியும். புற ஊதா விளக்கின் கீழும் வைத்துப் பார்க்கலாம். காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்பொருள்கள் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகுதான் பரவலாகச் சேர்க்கப்பட்டன. ஆகவே 1930களைச் சேர்ந்தது என்று சொல்லும் தாள் நீலமாக ஒளிர்ந்தால் அதை விற்பவரிடமே விட்டுவிடுவது மேல்.

அமெரிக்கா: படத்துக்கு அனுமதி, சுவரொட்டிக்கு இல்லை

அமெரிக்கத் தணிக்கை அரசிடமிருந்து மட்டும் வந்ததன்று. பென்சில்வேனியா 1911இலும், ஓஹையோ 1913இலும், மேரிலாந்து 1916இலும், நியூயார்க் 1921இலும் மாநிலத் தணிக்கைக்கு வழிசெய்தன. மேரிலாந்து வாரியம் 1981 வரை நீடித்தது. ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விதமாக வெட்டினால் வியாபாரம் கெடும் என்று அஞ்சிய படநிறுவனங்கள், தாங்களே ஒரு விதித்தொகுப்பை 1930இல் வகுத்துக்கொண்டன. அதே ஆண்டில் விளம்பரங்களுக்கும் தனி விதித்தொகுப்பு வந்தது. 1934 ஜூலை முதல் இவை கண்டிப்புடன் நடைமுறையாயின. படத்துக்கு ஒரு முத்திரை வேண்டும். அதற்குரிய சுவரொட்டி, நாளிதழ் விளம்பரம், அரங்கில் வைக்கும் ஒளிப்படம் எல்லாவற்றுக்கும் முன்னனுமதி வேண்டும்.

இந்த இரண்டு அனுமதிகளும் வேறுவேறு என்பதை ஹோவர்ட் ஹியூஸ் தயாரித்த ‘தி அவுட்லா’ போல விளக்கும் வழக்கு வேறில்லை. படம் 1943இல் சான் பிரான்சிஸ்கோவில் வந்து, பிறகு நிறுத்தப்பட்டு, 1946இல் பரவலாக வெளியானது. வெட்டுகளுக்குப் பிறகு படத்துக்கு முத்திரை கிடைத்துவிட்டது. ஆனால் கதாநாயகி ஜேன் ரசலின் உடலை முன்னிறுத்திய விளம்பரங்களை ஹியூஸ் அனுமதி பெறாமலே வெளியிட்டார். சங்கம் அதற்காகப் படத்தின் முத்திரையையே திரும்பப் பெற்றது. ஹியூஸ் நீதிமன்றம் சென்றார், தோற்றார். படத்தில் இல்லாத குற்றம் தாளில் இருந்தது. அதன் பலனாகக் கூட்டம் அலைமோதியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1934க்கு முன் வந்த படங்களைப் பின்னாளில் மறுபடி வெளியிட வேண்டுமானால் அவற்றுக்கும் புதிய விதிப்படி முத்திரை தேவைப்பட்டது. 1933இல் வந்த ‘கிங் காங்’ 1938இல் திரும்ப வந்தபோது, காங் கதாநாயகியின் உடையைப் பிய்க்கும் இடமும், தீவு மக்களை மிதிக்கும் இடமும் நீக்கப்பட்டிருந்தன. பிறகு 1942, 1952, 1956ஆம் ஆண்டுகளிலும் அந்தப் படம் வந்தது. ஒவ்வொரு வரவுக்கும் தனித் தாள்கள் உண்டு. ஆகவே ‘கிங் காங்’ சுவரொட்டி என்று ஒருவர் காட்டினால், அது முழுப் படத்துக்கு அழைத்த தாளா, வெட்டிய படத்துக்கு அழைத்த தாளா என்று கேட்பது அற்பக் கேள்வியன்று. இரண்டையும் பார்க்க வந்தவர்கள் ஒரே படத்தைப் பார்க்கவில்லை.

விதியை மீறியும் நல்ல சுவரொட்டி பிறந்தது. ஆட்டோ பிரெமிங்கர் 1955இல் எடுத்த ‘தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்’ ஹெராயின் பழக்கத்தைப் பற்றியது. அன்றைய விதியில் அதற்கு இடமில்லை. முத்திரையின்றியே படம் வெளியானது. சால் பாஸ் வரைந்த சுவரொட்டியில் ஊசியும் இல்லை, மயக்கமும் இல்லை. கோணல்மாணலாக முறிந்தது போன்ற ஒரு கரிய கை மட்டும். சொல்லக்கூடாததைச் சொல்லாமலே சொன்ன தாள் அது. அடுத்த ஆண்டே விதித்தொகுப்பு திருத்தப்பட்டு, போதைப்பழக்கத்தைக் காட்டும் தடை தளர்ந்தது.

பிரிட்டன்: மூலையில் உள்ள எழுத்து

பிரிட்டிஷ் சுவரொட்டி கிடைமட்டமாக இருக்கும். 30க்கு 40 அங்குலம். ‘குவாட்’ என்பார்கள். அதில் தணிக்கை வாரியத்தின் தரக்குறி அச்சாகியிருக்கும். காலத்தைக் கணிக்க இதைவிட எளிய வழி கிடையாது. ‘யு’, ‘ஏ’ இரண்டும் தொடக்கம் முதலே இருந்தவை. திகில் படங்களுக்கான ‘எச்’ 1930களில் வந்தது. 1951இல் அதன் இடத்தில் ‘எக்ஸ்’ வந்தது. பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதியில்லை என்பது அதன் பொருள். 1970இல் அந்த வயது பதினெட்டாக உயர்ந்தது. பதினான்கு வயதுக்கு ‘ஏஏ’ என்ற புதிய குறி சேர்ந்தது. 1982இல் இவை மாறி 15, 18 என்ற எண்கள் வந்தன.

லண்டனில் வசிக்கும் என் பழைய மாணவர் ஒருவர், 1958ஆம் ஆண்டுப் படமொன்றின் ‘முதல் வெளியீட்டுச் சுவரொட்டி’யை நல்ல விலை கொடுத்து வாங்கிவிட்டு, மகிழ்ச்சியுடன் எனக்குப் படம் அனுப்பினார். மூலையில் ‘ஏஏ’ என்று இருந்தது. 1958இல் ‘ஏஏ’ என்ற குறியே கிடையாது. தாள் 1970க்கும் 1982க்கும் இடைப்பட்டது. விற்றவர் பொய் சொன்னாரா, அவருக்கே தெரியாதா என்பது வேறு. இரண்டு எழுத்தைப் படித்திருந்தால் பணம் மிஞ்சியிருக்கும். இதை அவரிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

தடைக்குறியையே விளம்பரமாக மாற்றியவர்களும் உண்டு. ஹேமர் நிறுவனம் 1955இல் தொலைக்காட்சித் தொடரொன்றைப் படமாக்கியது. ‘எக்ஸ்பெரிமெண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டு, ‘எக்ஸ்’ எழுத்தில் தொடங்கும்படி ‘தி குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமெண்ட்’ என்று தலைப்பை மாற்றி எழுதியது. இது எக்ஸ் படம் என்று தலைப்பே கூவியது. அமெரிக்காவில் ‘எக்ஸ்’ குறியைக் கொண்டு யாரையும் இழுக்க முடியாது என்பதால் அங்கு ‘தி கிரீப்பிங் அன்னோன்’ என்ற வேறு பெயரில் வந்தது. இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தால் வேறு வேறு படங்கள் என்றே தோன்றும்.

இன்னொரு நுணுக்கம். பிரிட்டனில் வாரியம் மறுத்தாலும், தன் எல்லைக்குள் படத்தை அனுமதிக்கும் இறுதி அதிகாரம் உள்ளாட்சி மன்றங்களிடம் இருந்தது. ‘தி டெக்சாஸ் செயின் சா மாசக்கர்’ படத்துக்கு வாரியம் சான்று தர மறுத்தது. லண்டன் மாநகர மன்றம் 1976இல் அனுமதித்தது. இப்படி வந்த படங்களுக்கு ‘எக்ஸ் லண்டன்’ என்ற குறி தரப்பட்டது. ஒரு நாட்டுக்குள்ளேயே ஒரு நகரத்துக்கு மட்டும் செல்லும் சான்று அது.

ஜெர்மனி: தலைப்பிலேயே ஒளித்துவைத்தது

ஹிட்ச்காக்கின் ‘நட்டோரியஸ்’ (1946) பிரேசிலில் ஒளிந்திருக்கும் நாஜிகளையும், மதுப்புட்டியில் மறைத்த யுரேனியத்தையும் பற்றிய கதை. மேற்கு ஜெர்மனியில் அது 1951இல் ‘வைசஸ் கிஃப்ட்’ என்ற பெயரில் வந்தது. ‘வெள்ளை நஞ்சு’ என்று பொருள். ஒலிச்சேர்க்கையில் நாஜிகள் போதைப்பொருள் கடத்துவோர் ஆகிவிட்டார்கள். யுரேனியம் போதைப்பொருளாகிவிட்டது. வசனம் காற்றோடு போய்விடும், ஆனால் அந்தத் தலைப்பைத் தாங்கிய சுவரொட்டி சாட்சியாக நிற்கிறது. 1969இல்தான் உண்மைக் கதையுடன் புதிய ஒலிச்சேர்க்கை வந்தது. தலைப்பும் மாறியது.

அடுத்த ஆண்டு, 1952இல் ‘காசாபிளாங்கா’ வந்தது. ஏறத்தாழ 25 நிமிடங்கள் நீக்கப்பட்டிருந்தன. நாஜி எதிர்ப்புப் போராளி லாஸ்லோ, கதிர்களைக் கண்டுபிடித்த நார்வே விஞ்ஞானி லார்சன் ஆனார். படத்தின் முழு வடிவத்தை மேற்கு ஜெர்மானியர் தங்கள் மொழியில் பார்த்தது 1975இல். இவற்றை வெறும் அரசுத் தடை என்று சொல்லிவிட முடியாது. படத்துறையே 1949இல் அமைத்துக்கொண்ட சுயகட்டுப்பாட்டு அமைப்பு ஒருபுறம், தோற்ற நாட்டு மக்களுக்கு நினைவூட்டினால் சீட்டு விற்காது என்ற விநியோகஸ்தர் கணக்கு ஒருபுறம். எது எவ்வளவு என்று பிரிப்பது கடினம். என் கருத்தில் இரண்டாவதே மோசமானது. தடை விதித்தவரைக் கேள்வி கேட்கலாம். தானாகவே வாயை மூடிக்கொண்டவரை யார் கேட்பது?

பிரான்சும் பெல்ஜியமும்: இல்லாத தாள்

சில வேளைகளில் தணிக்கையின் சுவடு, ஒரு தாள் இல்லாமல் இருப்பதுதான். ஸ்டான்லி குப்ரிக் 1957இல் எடுத்த ‘பாத்ஸ் ஆஃப் குளோரி’ முதல் உலகப்போரில் பிரெஞ்சு ராணுவம் தன் வீரர்களையே சுட்டுக் கொன்றதைச் சொல்வது. பிரான்சில் அதை முறைப்படி யாரும் தடை செய்யவில்லை. எதிர்ப்பு வரும் என்று அறிந்த விநியோக நிறுவனம் தணிக்கைக்கே அனுப்பவில்லை. 1975இல்தான் அங்கு திரையிட்டார்கள். எனவே 1950களைச் சேர்ந்த பிரான்ஸ் நாட்டுச் சுவரொட்டி என்று யாராவது விற்றால் நின்று யோசிக்க வேண்டும். ஆனால் பெல்ஜியத்தில் எதிர்ப்புகளுக்கு நடுவே படம் ஓடியது. பெல்ஜியத் தாள்களில் பிரெஞ்சும் டச்சும் இருக்கும். பிரெஞ்சுத் தலைப்பைக் கண்டதும் பிரான்ஸ் என்று முடிவு செய்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

பெல்ஜியத் தாளை அடையாளம் காண்பது எளிது. ஏறக்குறைய 36க்கு 55 செண்டிமீட்டர் கொண்ட சிறிய தாள். இரு மொழி. பலவற்றில் வரி வில்லை ஒட்டியிருக்கும். வயது வந்தோருக்கு அங்கு கட்டாயத் தணிக்கை இல்லை. ஆனால் 1920ஆம் ஆண்டுச் சட்டப்படி, குழு ஒப்புக்கொண்ட படங்களை மட்டுமே பதினாறு வயதுக்குக் குறைந்தவர் பார்க்கலாம். ஆகவே ‘குழந்தைகளுக்கு அனுமதி உண்டு’ என்ற வரி பல தாள்களில் இரு மொழியிலும் காணப்படும். மற்ற நாடுகள் யார் வரக்கூடாது என்று அச்சிட்டன. பெல்ஜியம் யார் வரலாம் என்று அச்சிட்டது.

மற்ற சில நாடுகள்

இத்தாலியத் தாள்களில் வயது எண்ணைப் பாருங்கள். 1962ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன் பதினாறு என்றும், பிறகு பதினான்கு அல்லது பதினெட்டு என்றும் இருக்கும். ஸ்பெயினில் சாப்ளினின் ‘தி கிரேட் டிக்டேட்டர்’ (1940) ஃபிராங்கோ இறந்த பிறகு 1976இல்தான் திரைக்கு வந்தது. ஆஸ்திரேலியாவில் ‘டேபில்’ எனப்படும் குறுகிய நெடுந்தாள்களில், எல்லோருக்கும் ஏற்றது, குழந்தைகளுக்கு ஏற்றதன்று என்பன போன்ற தரக்குறிகள் அச்சிலேயே இருக்கும். 1948 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கு திகில் படங்களுக்குத் தடை இருந்ததால், அந்தக் காலத்துத் திகில் படங்கள் பலவற்றுக்கு ஆஸ்திரேலியத் தாளைத் தேடுவது வீண்வேலை. வேடிக்கையான எடுத்துக்காட்டு ஸ்காண்டிநேவியாவில் உண்டு. மாண்டி பைத்தான் குழுவின் ‘லைஃப் ஆஃப் பிரையன்’ படத்தை நார்வே தடை செய்ததும், பக்கத்து நாடான சுவீடனில் ‘நார்வேயில் தடை செய்யும் அளவுக்குச் சிரிப்பு’ என்ற பொருளில் விளம்பரம் செய்தார்கள்.

போலந்தைத் தனியே சொல்ல வேண்டும். போருக்குப் பின் அங்கு படவிநியோகம் முழுவதும் அரசின் கையில் இருந்தது. போட்டி இல்லாததால், கூட்டத்தை இழுக்க நட்சத்திரங்களின் முகத்தைப் பெரிதாகப் போட வேண்டிய தேவை இல்லை. ஹென்ரிக் டோமஷெவ்ஸ்கி போன்ற ஓவியர்களுக்கு இது வாய்ப்பாயிற்று. தணிக்கை இல்லாத நாடு என்று எண்ண வேண்டாம், கடுமையாகவே இருந்தது. ஆனால் நேராகச் சொல்ல முடியாததை உருவகமாகச் சொல்லும் பழக்கம் அந்தச் சுவர்களில்தான் வளர்ந்தது. விக்டர் குர்கா 1973இல் ‘காபரே’ படத்துக்கு வரைந்த தாளில் நடனக்காரிகளின் கால்கள் சேர்ந்து ஸ்வஸ்திக வடிவம் கொள்கின்றன. அமெரிக்கத் தாளில் லைசா மின்னெல்லியைத்தான் பார்ப்பீர்கள். 1989 ஜூன் 4 தேர்தலுக்கு சாலிடாரிட்டி இயக்கம் பயன்படுத்திய சுவரொட்டியில், ‘ஹை நூன்’ படத்தின் கேரி கூப்பர் துப்பாக்கிக்குப் பதில் வாக்குச்சீட்டுடன் நடந்து வருவார். அது படச் சுவரொட்டியன்று. ஆயினும் படச் சுவரொட்டியைப் படித்துப் பழகிய மக்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பழுது பார்ப்பதில் உள்ள ஆபத்து

கிழிந்த தாளைத் துணியின் மேல் ஒட்டி வலுப்படுத்துவது வழக்கமான முறை. நடுவில் மெல்லிய காகிதமும், தண்ணீரில் கரையும் பசையும் வைத்துச் செய்தால் பின்னாளில் பிரித்தெடுக்கவும் முடியும். ஒட்டுவதற்கு முன் தாளைக் கழுவுவார்கள். கறை போகும். கூடவே வேறு சிலவும் போகும்.

அந்தக் காலத்தில் அச்சான தாளில் ஏதாவது மாற்ற வேண்டுமானால் மேலே ஒரு துண்டுத்தாளை ஒட்டினார்கள். புதிய வயதுவரம்பு, மாறிய தலைப்பு, மறைக்க வேண்டிய உடற்பகுதி எல்லாவற்றுக்கும் இதுவே வழி. திரையரங்கு ஊழியர் தூரிகையால் மை பூசியதும் உண்டு. இவற்றை ‘அசல் ஓவியத்தைக் கெடுக்கும் அழுக்கு’ என்று நீக்கிவிட்டுப் புதுப்பொலிவுடன் விற்பதே சந்தை வழக்கம். ஓவியம் மற்ற பிரதிகளில் கிடைத்துவிடும். ஒரு குறிப்பிட்ட ஊரில், ஒரு குறிப்பிட்ட வாரத்தில், ஒருவர் எதை மறைக்கச் சொன்னார் என்பது அந்தத் துண்டுத்தாளில் மட்டுமே இருக்கிறது. கழுவியபின் அதை எங்கும் தேட முடியாது. கழுவத்தான் வேண்டும் என்றால், முதலில் முன்னும் பின்னும் ஒளிப்படம் எடுங்கள், அளவைக் குறித்துவையுங்கள், பிரித்த துண்டை எறியாமல் அமிலமில்லாத உறையில் தாளுடனே வையுங்கள். பின்புறத்தில் உள்ள ரப்பர் முத்திரை, பென்சில் குறிப்பு ஆகியவையும் துணியை ஒட்டினால் மறைந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

நம் நாட்டுத் தாள்களுக்கும் இது பொருந்தும். 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன் நகரங்களில் 1920 முதல் தனித்தனித் தணிக்கை வாரியங்கள் இருந்தன. ‘யுஏ’ என்ற குறி 1983இல்தான் வந்தது. அதற்கு முந்திய வெளியீட்டுக்குரிய தாளில் அது இருக்க முடியாது. பார்த்துப் பழக விரும்பும் மாணவர்கள் புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்தின் சுவரொட்டித் தொகுப்பையும், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் உள்ள பாட்டுப் புத்தகங்களையும் அணுகலாம். போகும்போது ஒரு லென்ஸும் பென்சிலும் எடுத்துச் செல்லுங்கள். பேனா வேண்டாம்.